நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மார்ச் 4

டைரக்டர் அவர்களுக்கு,

நான் நலம். முந்நூறு பக்கத்துக்குச் சுயசரிதை எழுதுகிற அளவுக்கு நீங்களும் தெம்பாகத்தான் இருக்கிறீர்கள். மகள் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சோப்பு விளம்பரத்துக்காக ஒரே நாளில் பதினாறு தடவை முகம் கழுவி, கண் சிவந்து நின்ற என்னை நீங்கள் ‘கண்டெடுத்தீர்களாம்’. நான் என்ன தெருவில் கிடந்த சாவியா? அதற்கு முன்பே இரண்டு படம் நடித்திருந்தேன். போகட்டும்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நம் கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வருடத்தில் என்னைத் தேடி ஏழு கதைகள் வந்தனவாம். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்களாம். அதை வேடிக்கையாக வேறு எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஒன்பது வருடமும் போன் அடித்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேனே, பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? “உன் மார்க்கெட் முடிஞ்சுபோச்சு, விடும்மா” என்று தலையைத் தடவிக் கொடுத்ததும் நீங்கள்தானே? நானும் நம்பிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று என் முகத்திலேயே குறை தேடினேன்.

ஏன் செய்தீர்கள்? பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தாய்

மார்ச் 11

அன்புள்ள அம்முவுக்கு,

முட்டி வலி தேவலையா? பிரிந்து பதினொரு வருடமாகியும் உன் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்போது பிள்ளைகள் சின்னவர்கள். வீட்டை யார் பார்ப்பது என்று யோசித்தேன். இன்னொருவன் உன்னைத் தொட்டு நடிப்பதைப் பார்க்கவும் எனக்கு மனசில்லை. அந்தக் காலத்து ஆள் நான், வேறென்ன சொல்ல?

வெளியீட்டு விழாவில் அந்தப் பக்கத்தை வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நீ இப்படி எடுத்துக்கொள்வாய் என்று தோன்றவில்லை. அடுத்த பதிப்பில் நீக்கிவிடச் சொல்கிறேன். இதோடு விட்டுவிடு. மகள் வீட்டில் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

அன்புடன்,
உன்னவன்

மார்ச் 19

டைரக்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அதில் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினேன், இல்லை.

நீங்கள் திருப்பி அனுப்பிய ஏழு பேரில் ஒருவரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அவருக்கு இப்போது எண்பது வயது. மருமகள் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்கார வைத்தாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமே இல்லை, அவர் வந்ததே எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

“உங்களை நெனச்சு எழுதினதும்மா. வேற யார்கிட்டயும் கொண்டுபோகல” என்றார்.

அந்தக் கதையை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார். வேலையை விட்டு நீக்கியவர்கள் மேல் வழக்குப் போட்டு ஜெயிக்கிற டீச்சர் கதை. கண் தெரியாததால் என்னையே வாசிக்கச் சொன்னார். கோர்ட் காட்சியில் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். குரல் எங்கிருந்துதான் வந்ததோ, சமையலறையிலிருந்து மருமகள் ஓடிவந்து பார்த்தாள். அவளும் கிழவருமாக இரண்டு பேர். அந்தப் படத்துக்கு அவ்வளவுதான் கூட்டம். முப்பது வயதில் நடித்திருக்க வேண்டியதை அறுபத்துநாலில், முட்டி வலியோடு நடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பக்கத்தை நீக்காதீர்கள். என்னை ஏழு பேர் தேடி வந்தார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது. உங்கள் எழுத்திலேயே இருக்கட்டும். நீக்குவதானால் முதல் பக்கத்தில் ‘எனக்காகத் தன் கலையைத் துறந்த மனைவிக்கு’ என்று போட்டிருக்கிறீர்களே, அதை நீக்குங்கள். நான் எதையும் துறக்கவில்லை.

சாப்பாட்டுக்கு நான் வரமாட்டேன். இனி கடிதமும் வேண்டாம்.

இப்படிக்கு,
நடிகை