அப்பா செய்த கோழிக்கறி

ஜூன் 2, ஞாயிறு

வாலு வந்துவிட்டுப் போனாள். தட்டை வழித்து நக்கிவிட்டு, "அப்பா, உன் கறி அம்மா கறியைவிட சூப்பர்!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடேய், அது உன் கறியா?

தெருமுனை மெஸ்ஸில் வாங்கியது. என் பாத்திரத்தில் கொட்டி, கொத்தமல்லி தூவி, அவள் வருவதற்குள் ஒரு வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி வீட்டை மணக்க வைத்தேன். காலிப் பையைக் கீழ்வீட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டேன். திருட்டுத்தனத்துக்கு மட்டும் இந்த லிஃப்ட் மெக்கானிக் மூளை எப்படித்தான் ஓடுகிறதோ!

பிரிந்த பிறகு பிள்ளை என்னோடு இருப்பது ஞாயிறு ஒரு நாள்தான். அதற்கும் அவள் அம்மா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள்: வெளிச்சாப்பாடு கூடாது, நீயே சமைக்கணும். நியாயம்தான். வாலுவுக்கு முந்திரி ஆகாது. மூன்று வயதில் ஒரு துண்டு கேக் தின்று முகம் வீங்கி மூச்சுக்குத் திணறியபோது தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தானே.

முதல் வாரம் நானே சமைத்தேன். அடிப்பிடித்தது. இரண்டு வாய் தின்றுவிட்டு, "வயிறு ரொம்பிடுச்சுப்பா" என்றாள், பாவம், என் மனசு நோகக்கூடாதென்று. அதற்குப் பிறகுதான் மெஸ். அங்கே முந்திரி போடுவதில்லை. "கட்டுப்படி ஆகாது சார்" என்று மெஸ்காரரே ஒருமுறை சொன்னார். அதனால் பயமில்லை.

பயமில்லை என்றால் எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஜூன் 8, சனி

வாலுவின் அம்மா போன் செய்தாள். "அப்படி என்னதான் போடற அந்தக் கறியில? என் சமையல்ல குத்தம் கண்டுபிடிக்கிறா."

"எல்லாம் கைப்பக்குவம்" என்றேன்.

சிரித்தாள். என்னோடு பேசி அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று! அந்தச் சிரிப்பில் நான் கொஞ்சம் மிதந்துவிட்டேன்.

"முந்திரி கிந்திரி போடலியே?"

"எனக்கென்ன பைத்தியமா?"

ஜூன் 10, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

நேற்று மெஸ்காரர் பார்சல் கட்டும்போது, "இன்னிக்கு கிரேவி கெட்டியா இருக்கு, பாருங்க சார்" என்றார் பெருமையாக. ஏன் கெட்டி என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. மண்டையில் களிமண்.

நாலு வாய்தான் தின்றிருப்பாள். "தொண்டை நமநமங்குதுப்பா." உதடு தடித்தது. கண்ணிமை வீங்கியது. தூக்கிக்கொண்டு ஓடினேன், செருப்புகூடப் போடாமல்.

டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்: "கறியில என்னென்ன போட்டீங்க?"

"வெங்காயம், தக்காளி, இஞ்சி..." வாய் தானாக ஓடியது. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது, நான் பொய்க்கு மசாலா அரைத்துக்கொண்டிருக்கிறேன்!

"வேற என்ன? நீங்கதானே செஞ்சீங்க?"

"இல்ல மேடம். கடையில வாங்கினது. என்ன போட்டாங்கன்னு தெரியாது."

ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே வாலுவின் கண் இரண்டும் என்னையே பார்த்தன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

மெஸ்ஸுக்குப் போன் போட்டேன். ஏதோ விசேஷ ஆர்டருக்கு முந்திரி அரைத்து ஊற்றினார்களாம், அதில் மிஞ்சியதுதான் எனக்கு வந்தது. அவரைச் சொல்லி என்ன? பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை நான் சொன்னேனா?

மூச்சு சீராகி, வீக்கம் வடிய ஆரம்பித்த பிறகு அவள் அம்மா அலறியடித்துக்கொண்டு வந்தாள். "என்னத்தடி தின்ன?"

வாலு என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எதிர்வீட்டுப் பாப்பா பிஸ்கட் குடுத்தா. தின்னுட்டேன்."

ஐயோ. ஒன்பது வயசு.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், யார் குடுத்தாலும் வாங்காதேன்னு!" என்று பிள்ளையைப் பிடித்து அந்தத் திட்டு திட்டினாள். பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் நின்றேன் நான். வாயைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அது ஒன்றுதான் அப்போது மண்டையில் ஓடியது. நீயெல்லாம் ஒரு அப்பன்.

ஜூன் 12, புதன்

ஆறுமாடிக் கட்டடத்தில் வேலை. செக்ரட்டரி வந்து, "லிஃப்ட்தான் ஓடுதுல்ல சார், ஆன் பண்ணி விடுங்களேன். வயசானவங்கல்லாம் படியேற முடியாம கிடக்காங்க" என்று நச்சரித்தார். "ஒவ்வொரு மாடியா கதவு லாக் பாக்காம விடமாட்டேன். உயிர் சமாச்சாரம் சார்" என்று எரிந்து விழுந்தேன். சொன்ன வாயே கூசியது.

சாயங்காலம் அவள் போன். வெள்ளிக்கிழமை வகுப்போடு சுற்றுலா போக வாலுவை விடப்போவதில்லையாம். "கண்டதையும் வாங்கித் திங்கறவளை யாரை நம்பி அனுப்பறது?"

"அழறாளா?"

"அழல. சரின்னுட்டா."

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூன் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அவள் தையல் கடைக்கே போனேன். மெஷினில் யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மெஸ், வெங்காய வாசனை, டாக்டரம்மா கேட்டது, பிஸ்கட் என்று ஒன்றுமே இல்லாதது... மென்று முழுங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். மெஷின் நின்றுவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"உனக்கு சமைக்கத் தெரியலன்னா, தெரியலன்னு சொல்லியிருக்கலாம். வெறும் சோறும் தயிரும் போட்டிருந்தாக்கூட அது தின்னுட்டு வந்திருக்கும்."

"தப்புதான்."

"முந்திரி மட்டுமில்ல. உனக்காக எம்புள்ள பொய் சொல்லியிருக்கு. நீ அதை கேட்டுட்டு நின்னிருக்க."

"அவளை சுற்றுலாவுக்கு அனுப்பு" என்று மட்டும் சொன்னேன்.

"அனுப்பறேன். ஞாயித்துக்கிழமை உங்கிட்ட அனுப்பமாட்டேன்."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் பிள்ளையே கிடைக்காமல் போயிற்று. வேண்டியதுதான்.

ஜூன் 16, ஞாயிறு

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சும்மா உட்கார முடியவில்லை. கறிக்கடைக்குப் போய், கழுத்தும் முதுகெலும்புமாக அரைக்கிலோ வாங்கினேன். மலிவான துண்டுகள்தான். "சூப்புக்கா சார்?" என்றார் கடைக்காரர். "கறிக்கு." "அப்ப மெதுவா வேகவிடுங்க, எலும்புச் சாறு இறங்கினாதான் ருசி."

வெங்காயம் கருகியது. யாருமில்லாத வீட்டில் அதையும் தின்றேன், தண்டனை மாதிரி.

ஜூன் 23, ஞாயிறு

இன்று பரவாயில்லை. அடுப்பைச் சிறிதாக வைத்தால் வெங்காயம் தானாகவே பொன்னிறத்துக்கு வருகிறது, அவசரப்பட்டவன் நான்தான். இஞ்சி பூண்டைத் தட்டிப் போட்டு, தக்காளி குழைந்த பிறகு மஞ்சள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், அதற்கு மேல் கறி. மூடி வைத்தால் அதுவே தண்ணீர் விடுகிறது. ஒரு உருளைக்கிழங்கைச் சேர்த்தால் குழம்பும் கெட்டி, கறியும் இரண்டு வேளைக்கு வருகிறது. இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்குப் பயந்துதான் பிள்ளை உயிரோடு விளையாடியிருக்கிறேன்.

உப்புதான் தூக்கல்.

ஜூன் 30, ஞாயிறு

சமைத்தேன். தின்றேன். போன் வரவில்லை.

ஜூலை 5, வெள்ளி

வந்தது! "அவ கேட்டுக்கிட்டே இருக்கா. ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து விடறேன். சாப்பாடு நானே குடுத்தனுப்பறேன்."

"நான் இப்ப நெஜமாவே சமைக்கிறேன்" என்றேன்.

"சரி, நீ சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 7, ஞாயிறு

வாலு டப்பாவோடு வந்தாள். கொஞ்சம் உயர்ந்திருக்கிறாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா?

காலையிலேயே கறி செய்து வைத்திருந்தேன். வாழ்நாளிலேயே எனக்கு நன்றாக வந்த கறி அதுதான். அவள் டப்பாவைத் திறந்து சோறும் முட்டைப் பொரியலும் தின்றாள். எதிரே நான் என் கறியோடு உட்கார்ந்தேன்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தாம்மா. சத்தியமா நானே செஞ்சேன்."

தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ம்" என்றாள். மறுபடியும் டப்பாவிலிருந்தே தின்றாள்.

"அன்னிக்கி எனக்காக அம்மாகிட்ட பொய் சொன்னல்ல, இனி யாருக்காகவும் அப்படி சொல்லாத. எனக்காகக்கூட. தப்பு என்மேலதான்" என்றேன். தலையை ஆட்டினாள். கண் கலங்கியது எனக்குத்தான்.

சாயங்காலம் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அடுத்த வாரம் நான் வந்தப்புறம் அடுப்பு பத்த வை. மொதல்லேர்ந்து நான் பாக்கணும்."

ஜூலை 14, ஞாயிறு

கறி கழுவாமல் அப்படியே இருக்கிறது. அடுப்பும் பற்ற வைக்கவில்லை. எதையும் தொடவில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்கிறது.