அலுமினியத் தட்டு

காரைக்கால்,
5 நவம்பர் 1988

அண்ணனுக்கு,

கிறிஸ்துமசுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். வாருங்கள். அதற்குள் இங்கே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு ழெரார் பாரீசிலிருந்து வந்தார். போன வருடம், சாகக் கிடந்த நம் தம்பி ஓகுஸ்தேனைப் பார்க்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினீர்களே, அவர்தான். கூட வேலை பார்த்தவன் என்று ஊருக்குச் சொன்னீர்கள்.

கல்லறையில் முதல் மெழுகுவத்தியைக் கணவனோ மனைவியோ ஏற்றுவதுதானே நம் வழக்கம்? தீப்பெட்டியை ழெரார் கையில் கொடுத்தேன்.

உங்கள் சீட்டாட்டக் கூட்டாளி ஆல்போன்ஸ் பார்த்துக்கொண்டே நின்றார். "யாரும்மா இந்த வெள்ளக்காரரு?"

"ஓகுஸ்தேனோட எட்டு வருஷம் குடும்பம் நடத்துனவருங்க. தம்பி செத்தது காசநோயில இல்ல, எய்ட்ஸுல. அண்ணன் உங்ககிட்ட சொல்லலீங்களா?"

ஆல்போன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

மாடியில் உங்கள் அறையை ழெராருக்குக் கொடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்துதான் போவார். உங்களுக்குக் கொல்லை அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன், தம்பியை நீங்கள் படுக்கவைத்த அதே கயிற்றுக் கட்டிலோடு. அவனுக்கென்று ஒதுக்கிய அலுமினியத் தட்டையும் தேய்த்து வைத்திருக்கிறேன். தொட்டாலே நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அப்போது சொன்னீர்கள்.

அதில்தான் உங்களுக்குச் சோறு.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவள்