இரண்டாவது சோதனை

அன்பு மனைவிக்கு,

உன் அலைபேசியை நான் சோதித்ததால் நீ மானாம்பதியில் உன் தாய்வீட்டுக்குச் சென்று மூன்று வாரங்கள் ஆகின்றன. அதை இப்போது விவாதிக்க வேண்டாம். நம் பால் சங்கச் செய்தி ஒன்றை எழுதுகிறேன்.

பாலின் தரம் பார்க்கப் புதிய இயந்திரம் வந்ததும், பாலில் மிதக்கவிட்டுத் தண்ணீர்க் கலப்பைப் பார்க்கும் பழைய லாக்டோமீட்டரை எவரும் தொடக்கூடாதெனச் செயலாளர் என்ற முறையில் ஆணையிட்டேன். ஒருவரும் எதிர்க்கவில்லை, அதுவே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. சோதனையாளர் புஷ்பா தினமும் அரைமணி முன்னதாகவே கதவைத் திறக்கிறாள் என அறிந்து, நேற்று சன்னலருகே நின்று கவனித்தேன்.

பால் ஊற்ற வந்த ஒவ்வொருவர் பாலிலும் முதலில் லாக்டோமீட்டரை விட்டாள்; பிறகே இயந்திரத்தில் வைத்தாள்.

"பாத்துக்கோ காளிம்மா, தண்ணி கலக்கலன்னுதான் ரெண்டும் சொல்லுது. மிஷினு உன்ன ஏமாத்தல" என்றாள் ஒருத்தியிடம்.

"செயலாளர் பாத்தாருன்னா?"

"அவரு மிஷினதான் நம்புவாரு, மனுசாள நம்பமாட்டாரு. இன்னா பண்றது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஆணையை மீறியிராவிட்டால் அந்த இயந்திரத்தை ஊரில் எவரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

அவளுக்காக எழுதி வைத்திருந்த பணிநீக்கக் கடிதத்தை இன்று கிழித்துவிட்டேன். ஒரு மாதம் இரு முறைகளிலும் சோதிக்கலாமெனப் புதிய ஆணை எழுதி, புஷ்பாவிடம் கையெழுத்துக் கேட்டேன். இரண்டு முறை படித்தாள்.

"இதுல இன்னா சார் உள்குத்து கீது?" என்றாள்.

இன்னும் கையெழுத்திடவில்லை. நீயும் இக்கடிதத்தை அப்படித்தான் படிப்பாய் என்று தோன்றுகிறது.

இப்படிக்கு,
உன் கணவன்