என் பெட்டியில் கிடந்த உன் மனு

ஆம்பூர்,
18 ஜனவரி 1937

சிரஞ்சீவி எபினேசருக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் மருமகளும் குழந்தையும் சுகம் என்று கேட்டால்தான் எங்கள் சுகம் முழுசாகும். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது கம்மி. உன் தங்கை சௌந்தரத்தைப் பிரசவத்துக்கு அழைத்து வந்துவிட்டோம், வந்த நாளிலிருந்து என்னை அதிகாரம் பண்ணுகிறாள். கான்பூர்க் குளிரில் குழந்தைக்குக் காதை மூடாமல் வெளியே தூக்கிப் போகாதே, இது அம்மா எழுதச் சொன்னது.

போன சனிக்கிழமை வேலூரில் கமிட்டியார் எனக்குப் பிரிவுபசாரம் நடத்தினார்கள். இத்தனை வருஷம் தோல் பதனிடும் ஷாப்புக் கூலிகளின் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியதற்காக ஒரு ரோஜா மாலை, ஒரு கைத்தடி. ஷாப்புத் துரைசாமியின் சின்ன மகள் ராஜம்மாள், டாக்டருக்குப் படிக்கிறாளே, அவள் எழுந்து, சார் எங்களையெல்லாம் தம் சொந்தப் பிள்ளையாகவே நடத்தினார் என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள், எனக்குத் தலை நிமிரவில்லை. என் பிள்ளையை நடத்தியது போல நடத்தியிருந்தால் அவர்களில் ஒருத்தரும் காலேஜ் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன், தெரியாததைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஷாப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து நான் வாத்தியாரான வருஷம் பெஞ்சுகள் காலி. பிள்ளை சம்பாத்தியம் இல்லாமல் அடுப்பெரியாத வீடுகள், அரை நாள் ஷாப்பு அரை நாள் படிப்பு என்றால்தான் அனுப்புவார்கள். ஷாப்பில் எடுக்கவோ பன்னிரண்டு வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டம். பத்து வயதைப் பன்னிரண்டு என்று பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் எழுதித் தருகிறேன் என்றேன். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நின்றுகொண்டே துரைசாமி, இன்னா சார், பொய் வயசுக்கு நாங்க ஜெயிலுக்குப் போறதா, மொதல்ல உங்க புள்ளைய அனுப்புங்க பாக்கலாம் என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே உன் பேருக்கு நேரே பன்னிரண்டு என்று எழுதி உன்னை ஷாப்பில் ஆட்டுத் தோலிலிருந்து மயிர் சுரண்ட அனுப்பினேன். அந்த மாதமே பெஞ்சு நிறைந்தது. சுண்ணாம்பில் உன் கை விரல்கள் வெந்து தோலுரிந்ததற்கு அம்மா இன்றும் என்னோடு சண்டை போடுகிறாள்.

எட்டு வருஷம் கழித்து, ஜில்லாவில் அலையாய் அலைந்து, காலேஜ் படிப்புக்குப் பணம் தரும் உபகாரச் சம்பளக் கமிட்டி ஏற்படுத்தினேன், நானே காரியதரிசி. வயது பத்தொன்பதைத் தாண்டக்கூடாது என்று விதி. உனக்கு நிஜத்தில் பதினெட்டு, என் கையெழுத்தில் இருபது. நீ வயதைத் திருத்தக் கேட்டு மனு எழுதி, நிஜ வயதைக் காட்டும் ஞானஸ்நானச் சீட்டும் சேர்த்து என்னிடம் கொடுத்தாய். கமிட்டி தள்ளிவிட்டது என்று சொன்னேன். நீ அந்த வாரமே ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, கான்பூர்த் தோல் கம்பெனிக்குக் குமாஸ்தாவாகப் போனாய்.

கமிட்டி தள்ளவில்லை, எபினேசர். உன் மனுவை நான் கமிட்டிக்குக் கொண்டுபோகவே இல்லை. அது என் தகரப் பெட்டியில் கிடந்தது. உன் வயதைத் தொட்டால் மற்ற வயதுகளையும் கேட்பார்கள், அப்போது ஷாப்பில் இருந்த பதினேழு பிள்ளைகளையும் வெளியே தள்ளுவார்கள், பள்ளிக்கூடம் மூடிப்போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது நிஜம்தான். என் உத்தியோகம் போய்விடும் என்று பயந்ததும் நிஜம், அதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் விட, உன்னிடம் உண்மையைச் சொல்லி உன் சம்மதம் கேட்டிருக்கலாம். சரி என்றுதான் சொல்லியிருப்பாய். அந்தத் தீர்மானத்தைக்கூட உனக்குக் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக, பரீட்சையில் பாஸாகியும் தகுதியில்லாதவன் என்று பேரெடுத்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்க விட்டேன்.

அம்மாவுக்கு நேற்றுதான் சொன்னேன். அவள் உன் மனுவை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள்.

உன் மனுவையும் சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். கர்த்தர் உன்னையும் உன் குடும்பத்தையும் குறைவில்லாமல் நடத்துவாராக. மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். மறக்காமல் பதில் போடு. கோபமாக எழுது, என்ன வேண்டுமானாலும் எழுது. பரவாயில்லை அப்பா என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. தானியேல்