ஒரு பிள்ளைக்கு ஒரு நோய்தான் என்ற விதி குறித்து

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
சிறுமியின் தாய்வழித் தாத்தா.

பெறுநர்:
மருத்துவ உதவித் திட்ட அலுவலர் அவர்கள்.

பொருள்: என் பேத்திக்கு மாதந்தோறும் ஏற்றப்படும் மருந்தை நிறுத்திய உத்தரவைத் திரும்பப் பெறக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஏழு வயது. பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி குறைவு. இது மரபணு வழியாக வந்தது. கீரை சாப்பிட்டால் சரியாகிவிடாது என்று தங்கள் அலுவலக வரவேற்பாளரிடம் அன்புடன் தெரிவித்துவிட்டேன். மாதம் ஒருமுறை எதிர்ப்புப் புரதத்தை நரம்பு வழியாக ஏற்றுவதால்தான் நிமோனியா அண்டாமல் பள்ளிக்குப் போய்வருகிறாள்.

2. சென்ற ஆண்டு முதல், இருக்கிற கொஞ்ச எதிர்ப்பு சக்தியும் ரத்தத்தை உறையவைக்கும் அவளுடைய தட்டணுக்களையே அழிக்கத் தொடங்கியது. நாற்காலியில் லேசாக இடித்துக்கொண்டாலும் கால் கன்றிப்போகிறது. அதை அடக்க மாத்திரை. ஆக, அந்த மருந்தும் வேண்டும், இந்த மாத்திரையும் வேண்டும்.

3. தங்கள் பிரிவு எழுத்தர் எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்: "சார், எதிர்ப்பு சக்தி கம்மியா, கூடுதலா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. ஏத்துறதுக்கும் மருந்து, அடக்குறதுக்கும் மருந்துன்னா மேல இருக்கறவங்க என்னைத்தான சார் கேப்பாங்க?" என் வகுப்பில் கேட்டிருந்தால் கைதட்டச் சொல்லியிருப்பேன். நல்ல கேள்வி.

4. ஓர் உதாரணம் சொல்ல அனுமதியுங்கள். ஒரு பள்ளிக்கு ஒரே காவலர்; பார்வையும் மங்கல். திருடனுக்கு வணக்கம் வைத்துக் கதவைத் திறந்துவிடுவார். தலைமையாசிரியரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார். காவல் குறைவா, கூடுதலா? இரண்டும்தான், ஐயா. அவர் கைத்தடியையும் வாங்கிவைக்க வேண்டும். நல்ல காவலரையும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும்.

5. எழுத்தர் தலையாட்டினார். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு நோய் என்பதே விதி என்றும், எனக்குச் சிரமம் வேண்டாமென்றும் சொல்லி, "கூடுதல்" என்பதை அவரே தேர்ந்தெடுத்துவிட்டார். மாத்திரைக்கு அனுமதி வந்தது. ஏற்றும் மருந்து ரத்தானது. அதாவது தடியைப் பிடுங்கிவிட்டு, வாசலைத் திறந்தே போட்டிருக்கிறோம். இந்த நிலையில் சாதாரண சளியே நுரையீரலுக்கு இறங்கிவிடும் என்கிறார் மருத்துவர்.

6. உத்தரவைப் பேத்தியிடம் வாசித்துக் காட்டினேன். "ஒண்ணு போதும்னா எனக்கு ரொம்ப சந்தோஷம் தாத்தா. இன்னொண்ண அந்த மாமாவே வச்சுக்கட்டும்" என்றாள். எழுத்தருக்கு அப்படி எதுவும் வர வேண்டாம் என்றே நாங்கள் விரும்புகிறோம்.

7. ஆகவே, இரண்டு சிகிச்சைக்கும் சேர்த்து அனுமதி வழங்குமாறு வேண்டுகிறேன். மருத்துவரின் கடிதத்தை இணைத்துள்ளேன். மருந்து ஏற்ற வேண்டிய நாள் வரும் திங்கட்கிழமை. நரம்பு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று பேத்தி இப்போதே இடது கையால் எதையும் தூக்காமல், சட்டைக்குள் வைத்துச் சூடாகப் பாதுகாத்து வருகிறாள். மருந்து ரத்தான விஷயம் புரிந்த பிறகும் அந்தக் கையை அவள் வெளியே எடுக்கவில்லை.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: குழந்தைகள் மருத்துவப் பிரிவு, காத்திருப்புக் கூடம்

தங்கள் பதிலுக்காக இங்கேயே அமர்ந்திருக்கும்,
(கையொப்பம்)
சிறுமியின் தாத்தா