எந்தக் கையிலும் குடிப்பான்

ஜூன் 2, செவ்வாய்

புது வீடு. தாய்சேய் உதவி மையத்தில் சேர்ந்த பிறகு எனக்குக் கொடுத்த மூன்றாவது குடும்பம். மாடி ஏறி மூச்சு வாங்க நின்றேன். கதவைத் திறந்தவள் என்னை விட மோசமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இடுப்பில் நாலு மாதக் குழந்தை. கணவன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் வெளியூர். பக்கத்தில் சொந்தக்காரர் யாருமில்லை. இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் எங்களைப் போன்ற தன்னார்வலர்களை அனுப்புகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் நான் குழந்தையை வைத்துக்கொள்ள வேண்டும், அவள் தூங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பையன் கொழுகொழுவென்று இருக்கிறான். குண்டன் என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன். பேரப்பிள்ளை இல்லாத ஆசையை அடுத்த வீட்டில் தீர்த்துக்கொள்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். ஆமாம், அதற்கென்ன?

ஜூன் 5, வெள்ளி

குண்டன் ஊரைக் கூட்டிவிட்டான். நான் தொட்டாலே அலறல். அவள் தூங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது. நான் போய் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஜூன் 12, வெள்ளி

இன்று அவள், தான் போட்டுக் கழற்றிய பழைய சட்டை ஒன்றை என்னிடம் நீட்டினாள். "இதைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தூக்குங்க ஆன்ட்டி. என் வாசனை இருந்தா அழமாட்டான்."

பயல் அப்படியே அடங்கிவிட்டான்! என்ன மூளை இந்தப் பெண்ணுக்கு.

ஜூன் 16, செவ்வாய்

பால்புட்டி பழக்கினோம். தன்னைப் பார்த்தால் குடிக்கமாட்டான் என்று அவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். எப்படிச் சாய்க்க வேண்டும், எப்போது நிறுத்தி முதுகைத் தட்ட வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னாள். நானும் இரண்டு பெற்று வளர்த்தவள்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டு அவள் சொன்னபடியே செய்தேன்.

"குடிச்சானா?"

"முழுசா குடிச்சிட்டான்மா!"

அப்புறம் சொன்னாள்: "உங்க கையில குடிச்சிட்டா இனி எந்தக் கையிலயும் குடிப்பான்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன் போலிருக்கிறது. "பேப்பர்ல போடச் சொல்லட்டுமா?" என்கிறார் இவர். பொறாமை.

ஜூன் 19, வெள்ளி

சட்டை வேண்டாம் என்றாள். அது இல்லாமலே என் தோளில் தூங்கினான்.

ஜூன் 23, செவ்வாய்

வீடு பளிச்சென்று இருந்தது. துணி அலமாரியைத் திறந்து காட்டினாள். குழந்தைத் துணிகளை அளவுவாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள் — நடக்கிற வயசுக்கு, ஓடுகிற வயசுக்கு, பள்ளிக்கூடம் போகிற வயசுக்குக்கூட. "இப்பவே எதுக்கும்மா?" என்றேன். "வாங்கி வச்சிட்டா அவருக்கு அலைச்சல் இல்லை."

கணவனும் இருந்தான். குழந்தையைக் குளிப்பாட்டப் பழகியிருக்கிறானாம். அவள்தான் விடாமல் சொல்லிக்கொடுத்தாளாம். "இப்பதாங்க இவ தெளிஞ்சிருக்கா. எல்லாம் உங்க கைராசி" என்றான். அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு. கண்ணில் அந்தப் பழைய கலக்கம் இல்லவே இல்லை. எனக்குத்தான் ஏனோ அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. புழுக்கம் காரணமாக இருக்கும்.

ஜூன் 25, வியாழன்

மையத்தில் கூட்டம். ஒருங்கிணைப்பாளர் மேடம் ஒவ்வொருவரையும் விசாரித்தார். நான் பெருமையாக எல்லாம் சொன்னேன்: புட்டி, தூக்கம், சுத்தமான வீடு.

"அது எல்லாம் குழந்தைக்கு. அந்தப் பொண்ணு தனக்குன்னு ஏதாவது செஞ்சுக்கிட்டாளா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லது நடந்தாலும் நோண்டுவார்களா?

ஜூன் 26, வெள்ளி

"நான் இல்லைன்னாலும் நீங்க இவனைப் பார்க்க வருவீங்கல்ல ஆன்ட்டி?"

"நீ எங்க போகப் போறே?"

"எங்கயும் இல்லை. ஊரு கீருன்னு போனா..."

"போனா புள்ளையைத் தூக்கிட்டுத்தானே போவே?"

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கொண்டுபோன பழம் போன வாரம் வைத்த இடத்திலேயே அழுகிக் கிடந்தது. அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஒருநாளாவது பார்த்திருக்கிறேனா? மேடத்துக்குப் போன் செய்யலாமா? செவ்வாய்க்கிழமை மகள் வீட்டுக்குப் போக வேண்டும், திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம்.

ஜூன் 29, திங்கள்

எழுதினாத்தான் மனசு அடங்கும்.

காலையில் கீழ்வீட்டம்மாவிடம் சாவி கொடுக்கப் போனேன். நாளைக்கு ஊருக்குப் போகிறோம் இல்லையா? எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர், கேஸ் மூடியிருக்கா என்று ஒருதரம் பார்க்கணும், பின்கதவு இறுகும், கொஞ்சம் தூக்கித் தள்ளணும் — சொல்லிக்கொண்டே போகிறேன். அவர் சிரித்தார். "என்னங்க, திரும்பி வரவே மாட்டீங்க போல இவ்வளவு பாடம் எடுக்கிறீங்க?"

சாவியை அவர் கையில் திணித்தேன். நான் பேசிக்கொண்டிருந்தது அவள் பேச்சு. கதவுக்கு வெளியே நின்று சொன்னாளே, அதே நிதானம். ஊருக்குப் போகிறவள்தான் இப்படிச் சொல்லிக்கொடுப்பாள். அட முட்டாளே, உன்னைப் பாராட்டறாள்னா நினைச்சே? சாவி குடுத்துக்கிட்டிருந்தாடி!

எப்படி ஆட்டோ பிடித்தேன் என்று தெரியாது. வழியிலேயே மேடத்துக்குப் போன் செய்தேன். "கிளம்பிட்டேன். தனியா விடாதீங்க. நேராவே கேளுங்க, சுத்தி வளைக்காதீங்க" என்றார்.

அவள் கதவைத் திறந்தாள். தலை வாரி, நல்ல உடை. குழந்தை தூங்குகிறது. "இன்னைக்கு உங்க நாள் இல்லையே" என்றாள். முகத்தில் ஏமாற்றம்.

"சாகணும்னு நினைச்சிருக்கியாம்மா?"

இப்படியா கேட்பேன்? கேட்டுவிட்டேன். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்: "அவன்தான் உங்ககிட்ட பழகிட்டானே ஆன்ட்டி."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறினாள். நான் விடவில்லை. மேடமும் மையத்து நர்சும் வந்து சேரும்வரை விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். "உங்களை நம்பினேன்" என்றாள்.

ஜூலை 3, வெள்ளி

மகள் வீட்டுக்குப் போகவில்லை. குண்டனை அவன் அப்பாவும் அத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த மனுஷன் போனில் கத்தினான்: "நல்லா இருந்தவளைப் பைத்தியம்னு ஆக்கிட்டீங்க!" அப்புறம் அவனே அழுதான். இரண்டையும் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 14, செவ்வாய்

இன்னும் ஆஸ்பத்திரியில்தான். சாப்பிடுகிறாளாம். என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டாள். வாராவாரம் டாக்டரிடம் போகிறாள். கணவன் உள்ளூரிலேயே வண்டி ஓட்டும் வேலை தேடிக்கொண்டானாம். ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் மேடம்.

கண்ணுக்குக் கீழே கறுப்பு. வீடு போட்டது போட்டபடி. எனக்கென்னவோ அந்தக் குப்பையைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. குண்டன் அவள் மடியில் நெளிந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தானோ இல்லையோ, பாவி, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டித் தாவினான்.

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். என் கை தானாக எழுந்தது. இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அலற ஆரம்பித்தான். அவளிடம் இருக்கமாட்டேன் என்று முதுகை வளைத்து அலறுகிறான். பின்னால் கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"தூக்காதீங்க" என்றாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர். "அழட்டும். நான் வச்சுக்கிறேன்."

"சரிம்மா."

"கோபமா ஆன்ட்டி?"

"இல்லடா."

இந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லி மேடத்திடம் சொல்ல வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கீழே தெருவரைக்கும் அவன் அழுகை கேட்டது. நடுநடுவே அவள் குரல், என்னவோ சொல்லிச் சமாதானப்படுத்துகிறாள். நான் நிற்கவில்லை.