பெரட்டுக் களத்து வாசகர்கள்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். மதியத்துக்கு மேல் இடி. குடை ஆபீஸில், நான் தெருவில். வழக்கம்போல.

செய்ய: செருப்பு வார் தைக்க. அறைக்கு பல்ப். அக்காவுக்கு இருமல் மருந்து. கிருபா அண்ணனுக்குப் பதில்.

கடைசிதான் இடிக்கிறது. இந்தியாவில் காசு வைத்து ஆடும் ஒன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை வந்ததிலிருந்து கண்டியில் எங்கள் ஆபீஸ் செத்த வீடு. போக்கர் நடத்துகிறவர்கள் இல்லை நாங்கள். நடத்துகிறவனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள். எந்தத் தளம் நல்லது, எப்படிச் சேருவது என்று நான் தமிழில் எழுதுவேன். நடுநடுவே எங்கள் லிங்க். மதுரையில் ஒருவன் அதை அமுக்கி உள்ளே போய்த் தோற்றால் அந்தத் தோல்வியில் எங்களுக்குப் பங்கு. வென்றால் ஒன்றுமில்லை. ஆகவே தோற்கக்கூடியவன்தான் எங்களுக்கு நல்லவன்.

இத்தனை நாளும் மதுரைக்காரி மாதிரி எழுதினேன். ஒருதடவை கைதவறி, நாற்காலி என்று எழுதாமல், 'மேசையில் ஒரு கதிரை காலி' என்று போட்டுவிட்டேன். கதிரையா, அது என்ன என்று கேட்டு ஊரே கமெண்ட்.

இப்போது மதுரைக்காரனுக்குக் கதவு பூட்டு. முதலாளி கிருபா அண்ணனுக்குப் புது யோசனை.

"இனி நம்ம ஆளுங்களுக்கு எழுதுவோம் ஜீவா. தேயிலைத் தோட்டத்துல எல்லாரு கையிலயும் போன் இருக்கு. நீ ஒங்க பேச்சுலயே எழுது. கதிர, அலுமாரி, எல்லாத்தையும் போடு."

"இங்க சட்டப்படி சரியா அண்ணன்?"

"கீழ்மாடி லோயர்கிட்ட கேட்டேன். சரின்னும் சொல்லல, பிழைன்னும் சொல்லல. ஆனா பீஸ் வாங்கிட்டாரு."

ஒக்டோபர் 8, புதன்

மழை. அறை ஜன்னலில் இருந்து பார்த்தால் எதிர்மலையைக் காணோம். பிடித்திருக்கிறது.

எழுதினேன். எழுதாவிட்டால் வேலை போகும், வேலை போனால் மடுல்கெல்லைத் தோட்டத்துக்குத் திரும்பி லயத்து வரிசை வீட்டில் உட்கார வேண்டும். அது ஒரு காரணம். இன்னொன்றையும் இங்கேயாவது எழுதி வைக்கிறேன்: எழுத எழுத சந்தோஷமாக இருந்தது. பேசுகிற மாதிரியே எழுதியது இதுதான் முதல் தடவை. மச்சான் பேச்சு, அக்கா பேச்சு, கங்காணி திட்டு, எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

முதல் வரி: 'தீவாளி அட்வான்ஸ் கைக்கு வருது, வந்த வேகத்துல கடக்காரன்கிட்ட போவுது. ஒருவாட்டி அத ஒங்களுக்காக வேல செய்யச் சொல்லுங்களேன்.'

அட்வான்ஸ் என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பண்டிகைக்கு முன் தருவார்கள், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். கிருபா அண்ணனுக்கு இந்த வரி வாழ்நாளிலும் தோன்றாது. எனக்கு ஒரு பிளேன்டீ குடிப்பதற்குள் தோன்றிவிட்டது.

ஒக்டோபர் 9, வியாழன்

பக்கம் போட்டாயிற்று. கிருபா அண்ணன் வாசிக்கவில்லை. எப்போதுமே வாசிப்பதில்லை. கண்டியின் பெரிய பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷில் படித்தவர், தமிழ் எழுத்தைக் கண்டால் கொட்டாவி. அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று.

"மேல, நடுவுல, கீழ, மூணு எடத்துலயும் லிங்க் இருக்கா?"

"இருக்கு."

"அப்பப் போடு."

ஆபீஸில் பக்கத்து மேசை பஸ்மிளாதான் அதற்குப் படம் செய்தாள். சீட்டும் குத்துவிளக்கும். "எங்கட வாப்பாக்கு நான் கலியாணக் கார்ட் டிசைன் பண்றதாத்தான் தெரியும்" என்றாள். சிரித்தோம். சாயங்காலம் இரண்டு பேருமாக ஒரு கொத்து ரொட்டி. உறைப்பு. நல்ல நாள்.

பல்ப் மறந்துவிட்டது.

ஒக்டோபர் 11, சனி

ஊருக்குப் போக, குட்ஷெட் ஸ்டாண்டில் மடுல்கெல்ல பஸ். ஜன்னல் சீட். வத்தேகமையில் ஒரு அம்மா என் மடியில் கோழியை வைத்துவிட்டுச் சில்லறை தேடினார். கோழி என்னைவிட நிதானம்.

தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது பெரட்டுக் களத்தில்தான். காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடம். பின்னேரம் எல்லோரும் போனுடன் அங்கே. யாராவது ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். இன்று வாசித்தது மச்சான், அக்கா புருஷன். என் பக்கத்தை.

தூரத்திலேயே என் வரிகளை அடையாளம் தெரிந்தது. அட்வான்ஸ் வரிக்குக் கைதட்டல். கங்காணி பகிடிக்கு ஒரு கிழவர் இருமி இருமிச் சிரித்தார். எனக்கு முதலில் வந்தது பெருமை. பிறகுதான் யார் யார் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தேன்.

"எவனோ நம்ம ஆளு எழுதியிருக்கான் ஜீவா," என்றார் மச்சான். "ஒரு எழுத்து பொய் இல்ல. அட்வான்ஸ் வந்தோன்ன நாங்க கொஞ்ச பேரு இந்த ஆட்டத்துல எறங்குறோம்."

"வேணாம் மச்சான். அது ஆள ஏமாத்துற வேல."

"நீ கண்டியில பேன் காத்துல இருக்குறவ. ஒனக்கு என்னா தெரியும்? இவனுக்கு நம்ம பாடு தெரியுது. பாரு, கங்காணியக்கூட எழுதியிருக்கான்."

அந்த 'இவன்' நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லியிருந்தால் இன்னும் அதிகமாக நம்பியிருப்பார். நம்ம ஜீவா எழுதியது என்று தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்கும் அனுப்பியிருப்பார்.

வீட்டில் அக்கா மட்டும் ரொட்டி தட்டிக்கொண்டே: "அந்த அட்வான்ஸ்ல கம்பளி வாங்கணும்னு வச்சிருந்தேன். இந்தக் குளிர்ல புள்ள மூச்சு இழுக்குறா."

ஒக்டோபர் 12, ஞாயிறு

திரும்பும் பஸ். நின்றுகொண்டே. காலை மிதித்தவன் மன்னிப்பும் கேட்கவில்லை.

கோபம். அவன் மேல் இல்லை. இந்த மக்களுக்கு அரசாங்கம் சிங்களத்தில் கடிதம் போடும். கம்பனி இங்கிலிஷில் நோட்டீஸ் ஒட்டும். தொழிற்சங்கத்துக்காரர்கள் மேடைத் தமிழில் முழங்குவார்கள். இவ்வளவு காலத்தில் அவர்கள் வீட்டுப் பேச்சில் அவர்களை நலம் விசாரித்து வந்த ஒரே எழுத்து, சூதாட்ட விளம்பரம். அதை எழுதியவள் அதே லயத்தில் பிறந்தவள். நல்லா இருக்கு.

பக்கத்தைத் தூக்கிவிடலாம். தூக்கினால் கிருபா அண்ணன் வேறு யாரையாவது வைத்துத் திருப்பிப் போடுவார். மச்சான் என் பேச்சைக் கேட்கமாட்டார். அந்த 'இவன்' பேச்சைக் கேட்பார். அப்படியானால் இவனே சொல்லட்டும்.

பல்ப் வாங்கினேன். பொருந்துகிறது. அறை முழுக்க வெளிச்சம். உட்கார்ந்து எழுதினேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

வானம் மப்பு. மழை இல்லை.

அதே பக்கம், அதே பேச்சு. அட்வான்ஸ் வரி அப்படியே முதலில். இரண்டாம் பத்தியில் கங்காணி பகிடி. மூன்றாவது இப்படித் தொடங்கும்: 'சரி, இத எழுதுற எனக்கு என்னா கெடைக்கும்னு கேட்டீங்களா? கேக்கல. நீங்க தோத்தா எனக்குப் பங்கு. ஜெயிச்சா எனக்கு வெறுங்கை. அப்ப நான் சாமிகிட்ட என்னான்னு கும்பிடுவேன், சொல்லுங்க பாப்போம்.' அதற்குக் கீழே எல்லாம். யார் யாருக்கு எப்படிப் போகிறது, லிங்கை அமுக்கினால் என்ன நடக்கும். விளக்கமாக.

லிங்க் மேலே, நடுவில், கீழே.

பஸ்மிளா வாசித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒனக்குப் பைத்தியம்." பிறகு படத்தைத் திறந்தாள்: "அந்தக் குத்துவிளக்கை எடுத்துடட்டா?"

"எடு."

கிருபா அண்ணன்: "மாத்தி எழுதினியா? மூணு எடத்துலயும் லிங்க் இருக்கா?"

"இருக்கு அண்ணன்."

"அப்பப் போடு."

ஒக்டோபர் 14, செவ்வாய்

வெயில். வாவிக்கரை வழியாக நடந்து வந்தேன். செருப்பு தைத்தாயிற்று. நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

பத்து மணிபோல அக்கா போன்.

"ஒன் மச்சான் நேத்து பெரட்டுக் களத்துல மறுபடி வாசிச்சாரு. பாதியில நிறுத்திட்டாரு. அந்த எழுதுறவன் கட்சி மாறிட்டான்னு ஒரே ஏச்சு. கடைசி வரைக்கும் வாசிங்கன்னு ஆளுங்க விடல."

"வாசிச்சாரா?"

"வாசிச்சாரு. வூட்டுக்கு வந்து, கம்பளி எங்க மலிவுன்னு கேட்டாரு. நீ டவுன்ல வெல விசாரிச்சுச் சொல்லு. ஆமா, ஏன் அழுவுற மாதிரி பேசுற?"

"தடிமன், மூக்கடைப்பு."

மத்தியானம் கிருபா அண்ணன் திரையைக் காட்டினார். "ஆளுங்க அந்தப் பக்கத்துல ரொம்ப நேரம் நிக்கிறாங்க. ஒருத்தர் விடாம கடைசி வரைக்கும் போறாங்க. ஆனா ஒருத்தனும் லிங்க அமுக்குறான் இல்ல. என்னாடி எழுதியிருக்க?"

"வாசிச்சுப் பாருங்க அண்ணன்."

கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். உதடு அசைகிறது. அட்வான்ஸ் வரியில் தலையாட்டினார். கங்காணி பகிடிக்குச் சத்தமாகவே சிரித்தார். பஸ்மிளா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்குப் பசி. சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறேன். பலாக்காய்க் கறி, கருவாடு. அவர் இப்போது மூன்றாம் பத்தி.